படத்தில் நிற்பவர்

விளம்பரம் என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்குச் சிலர் உண்டு. நல்ல காரியம் செய்கிறவன் அதை நாலு பேருக்குச் சொல்லிக்கொள்ளக் கூடாது, சொன்னால் அதன் புண்ணியம் போய்விடும் என்பது அவர்களுடைய திடமான அபிப்பிராயம். அறக்கட்டளைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் செய்திக்குறிப்பு எழுதிக் கொடுப்பதையும், நிருபர்களை அழைத்து வந்து காட்டுவதையும் பல ஆண்டுகளாக ஜீவனோபாயமாகக் கொண்டிருக்கும் நான் அந்த அபிப்பிராயத்துக்கு உடன்பட முடியாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருமே அதற்கு உடன்பட முடியாது என்பது என் எண்ணம். ஏனெனில், இந்த வறண்ட பூமியின் கிராமத்துப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் ஏறியது ஒரு மகத்தான பிரசாரத்தின் பலனாகத்தான்.

1991-இல் அறிவொளி இயக்கம் இங்கே தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு பெண்களின் நடமாட்டச் சுதந்திரத்தையும் சேர்த்தே யோசித்தார். கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போயின. வீதி நாடகங்கள் நடந்தன. முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு மூலைமுடுக்கெல்லாம் பரவியது. 1992-ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று, கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு, மணியை விடாமல் அடித்தபடி, 1500 பெண்கள் புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் வந்தார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்பதும், பெண்கள் ஓட்டும் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே பலர் வாங்கினார்கள் என்பதும் அவர் பதிவு செய்தவை. அந்தக் கட்டுரை பின்னர் மத்தியக் கல்வித் திட்டத்தின் எட்டாம் வகுப்பு ஹிந்திப் பாடநூலில் இடம்பெற்று, நம் ஊரின் பெயரே தெரிந்திராத வடநாட்டுக் குழந்தைகள் நம் பெண்களைப் பற்றிப் படிக்கும்படி ஆயிற்று. ஊர்வலம், கொடி, பாட்டு, பத்திரிகைச் செய்தி என்று விளம்பரத்தின் உபகரணங்கள் அத்தனையும் அந்தக் காரியத்தில் இருந்தன. இருந்தும், அதைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை.

மக்கள் தொடர்பு என்ற தொழிலின் சரித்திரத்தில் ஏறத்தாழ இதே தோற்றம் கொண்ட இன்னொரு ஊர்வலம் உண்டு. 1929-ஆம் ஆண்டு ஈஸ்டர் தினத்தன்று, நியூயார்க் நகரின் பெரிய வீதியில், பெண்கள் பொது இடத்தில் புகைபிடிப்பது இழுக்கு என்று கருதப்பட்ட அக்காலத்தில், சில இளம் பெண்கள் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நடந்தார்கள். சுதந்திரத்தின் தீபங்கள் என்று அந்தச் சிகரெட்டுகளுக்குப் பெயர் சூட்டப்பட்டது. பெண் விடுதலையின் அடையாளமாகவே பத்திரிகைகளுக்கு அது அறிமுகப்படுத்தப்பட்டது. ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ். அவருக்குக் கூலி கொடுத்தது அமெரிக்கன் டொபாக்கோ என்ற புகையிலைக் கம்பெனி. அந்தக் கம்பெனியின் பெயர் அன்று வெளியில் தெரியாது.

இரண்டிலும் பெண்கள்தாம், இரண்டிலும் ஊர் விலக்கி வைத்திருந்த ஒரு செயலை வீதியில் துணிந்து செய்தார்கள், இரண்டிலும் பத்திரிகைகள் எழுதின. ஆனால் புதுக்கோட்டை ஊர்வலம் கலைந்த பிறகு சைக்கிள் அந்தப் பெண்ணிடமே இருந்தது. மறுநாள் காலையில் தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், பஸ்ஸுக்காகக் காத்திராமல் சந்தைக்குப் போகவும் அது அவளுக்குப் பயன்பட்டது. நியூயார்க் ஊர்வலம் கலைந்த பிறகு லாபம் கம்பெனியின் கணக்குக்கும், புகை அந்தப் பெண்களின் நுரையீரலுக்கும் போயிற்று. இந்த வேறுபாட்டிலிருந்துதான் நான் சொல்ல வந்த ஒரே விஷயம் கிளைக்கிறது: பிரசாரம் செய்பவன் தனக்குக் கூலி கொடுப்பவருக்குக் கடமைப்பட்டவன்தான் என்றாலும், அதற்கு முன்னால், யாருடைய முகத்தைக் காட்டி அந்தப் பிரசாரம் நடக்கிறதோ அந்த மனிதருக்குக் கடமைப்பட்டவன், இரண்டு கடமைகளும் மோதினால் கூலி கொடுப்பவருக்கான கடமைதான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

சொல்வதற்கு எளிதாக இருக்கும் இது, நடைமுறையில் எத்தனை சிக்கலானது என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை.

2019 ஜனவரி 20-ஆம் தேதி விராலிமலையில் நடந்த ஜல்லிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலேயே அதிக வாடிவாசல்கள் கொண்ட மாவட்டம் நம்முடையது என்று நாம் எப்போதும் பெருமை பேசுவோம். அந்தப் பெருமைக்கு உலகச் சாதனை என்ற முத்திரையும் வேண்டும் என்ற நோக்கத்தோடு, அப்போதைய சுகாதார அமைச்சரும் அத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருமான சி. விஜயபாஸ்கர் முன்னின்று செய்த ஏற்பாட்டில், முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி தொடங்கிவைக்க, ஒரே நாளில் 1300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. சாதனை படைத்தாயிற்று என்று அறிவிக்கப்பட்டது. அதே நாளில் வேடிக்கை பார்க்க வந்தவர்களில் இருவர் மாடு முட்டி இறந்தார்கள், பலர் காயமுற்றார்கள். சாதனையும் சாவும் ஒரே செய்தியின் அடுத்தடுத்த வரிகளாக வந்தன.

சாதனை முயற்சிதான் அவர்களைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. சிறிய ஜல்லிக்கட்டிலும் உயிர்ச்சேதம் நேர்வதுண்டு என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. காளைகளின் எண்ணிக்கையே ஒரு நிகழ்ச்சியின் லட்சியமாகிவிடும்போது, அடுத்த காளையை அவிழ்க்கச் சற்றுப் பொறுக்கலாமே, முட்டுப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு போகும் வழி திறந்திருக்கிறதா, மாட்டைப் பிடித்துக் கட்டும் இடத்தில் உரிமையாளர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் கலந்து நிற்கிறார்களே என்று கேட்கும் குரல், மைதானத்தில் இருக்கும் குரல்களிலெல்லாம் பலவீனமான குரலாகிவிடுகிறது. விளம்பரத்தைத் திட்டமிடுகிறவன் அந்தக் குரலுக்குத் துணை நிற்க வேண்டியவன். எந்த எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லும் அதிகாரம் மருத்துவருக்கும் காவல் துறைக்கும் முழுமையாக இருக்கட்டும் என்று முதல் ஆலோசனைக் கூட்டத்திலேயே அவன் எழுத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். எங்கள் தொழிலில் அப்படிக் கேட்கிறவர்கள் மிகச் சிலர். நிகழ்ச்சி முடிந்த பிறகு அறிக்கை எழுதுவதற்கு மட்டுமே நாங்கள் அழைக்கப்படுவது அதற்கு ஒரு காரணம்.

கஜா புயல் அந்த ஜல்லிக்கட்டுக்கு இரண்டு மாதம் முந்தியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயல், கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி, அறந்தாங்கி வட்டாரங்களில் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. தலைமுறை தலைமுறையாகக் கைநிறையக் கொடுத்தே பழகிய குடும்பங்கள் அரிசிக்கும் தார்ப்பாய்க்கும் வரிசையில் நின்ற அந்த நாட்களில், வெளியூர் அமைப்பு ஒன்றின் லாரியோடு நானும் போயிருந்தேன். பள்ளிக்கூட வளாகத்தில் லாரி நின்றதும் முதலில் இறங்கியது அரிசி மூட்டையன்று, ஃபிளெக்ஸ் பேனர். அதைக் கட்டக் கம்பம் தேடி, காற்றில் அது மடங்காமல் இருக்க இரண்டு பையன்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பிறகுதான் விநியோகம் ஆரம்பமாயிற்று. ஒவ்வொருவரும் பையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, கொடுப்பவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, காமிராவைப் பார்த்துச் சற்று நேரம் அசையாமல் நிற்க வேண்டும். படம் விழுந்த பிறகே கை விடுபடும்.

வரிசையில் ஒரு பெரியவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வேட்டியை இறக்கிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டாமல் தோளிலேயே போட்டிருந்தார். தம் முறை வந்ததும் கையை நீட்டாமல், "கொடுக்குறத கீழ வச்சிருங்க தம்பி, எடுத்துக்கிறேன். படம் வேணாம்" என்றார். "ஒரே ஒரு போட்டோதான்யா, மேலே கணக்குக் காட்டணும்" என்று அமைப்பின் இளைஞர் கெஞ்சினார். "பேத்தியக் கட்டிக் குடுத்து இன்னும் வருஷம் திரும்பல. அந்த வீட்டுல யாராச்சும் செல்போன்ல பாத்தா எம்புள்ளையத்தானப்பா கேப்பாக" என்று பெரியவர் சொன்னார், சொல்லிவிட்டு வரிசையை விட்டு விலகி, சாய்ந்து கிடந்த வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். தார்ப்பாயை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆனால் அவர் மனம் பட்ட பாட்டைப் போக்க எங்களால் முடியவில்லை.

அந்த இளைஞரை நான் பழிக்க மாட்டேன். பணம் கொடுத்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது. நன்கொடை வாங்கி ஏப்பம் விட்டவர்களும் உலகத்தில் உண்டாகையால், சான்று கேட்பது நியாயந்தான். ஆனால் சான்றுக்கு மனித முகந்தான் வேண்டும் என்று யார் விதித்தது? இறக்கிய சரக்கின் பட்டியல், கிராம நிர்வாக அலுவலரின் கையொப்பம், பெற்றுக்கொண்டவர்களின் பெயர்ப் பதிவேடு, தார்ப்பாய் வேய்ந்த கூரைகளின் படம் ஆகிய இவை போதும். தணிக்கையாளர் இவற்றைத்தான் கேட்பார். முகத்தைக் கேட்பது சான்றுக்காக அல்ல, அடுத்த வசூலுக்காக. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது நிவாரணப் பொட்டலங்களில் முதலமைச்சரின் படம் ஒட்டப்பட்டதாக எழுந்த கொந்தளிப்பு பலருக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம், அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி தவிர மற்றவர் படம் கூடாது என்று தீர்ப்பளித்து, மறு ஆண்டு மார்ச்சில் முதலமைச்சர், ஆளுநர், அமைச்சர் படங்களுக்கும் இடம் கொடுத்தது. கொடுப்பவரின் முகத்தைப் பற்றி நீதிமன்றம்வரை வாதாடியிருக்கிறோம். வாங்குபவரின் முகத்தைப் பற்றி அந்த அளவுக்கு நாம் வாதாடியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், கொடுக்கல் வாங்கலை ஊரறியச் செய்வதில் இதே வட்டாரத்தை மிஞ்சிய வட்டாரம் கிடையாது. ஆடி பிறந்தால் வடகாடு, கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கம் மொய் விருந்துகள் களைகட்டும். பந்தலில் மேஜை போட்டு, நோட்டில் ஊரும் பெயரும் தொகையும் எழுதுவார்கள். இப்போது கணினியில் ஏற்றி ரசீதும் கொடுக்கிறார்கள். பணம் எண்ணும் இயந்திரமும் வந்துவிட்டது. 2019-இல் வடகாட்டில் ஒரே விருந்தில் 4 கோடி ரூபாய் மொய் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. இத்தனை பகிரங்கத்தில் எவருக்கும் கூச்சம் இல்லை. ஏனென்றால் இன்று வாங்குபவர் நாளை கொடுப்பவர். செய்முறை முறைப்படி, வாங்கியதைத் திருப்பி அதற்கு மேலும் வைத்துச் செய்யப்போகிறவர். நோட்டில் இருப்பது சமானமானவர்களின் கணக்கு. அந்தப் பெரியவரும் எத்தனையோ மொய் நோட்டுகளில் பெயர் எழுதியவராகத்தான் இருப்பார். அவரைக் கூசச் செய்தது விளம்பரம் அன்று. திருப்பிச் செய்ய வழியில்லாத ஒருவராகத் தம்மை நிரந்தரமாகப் பதிவு செய்துவிடும் படம்.

இனி வேங்கைவயலுக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தேன். எழுதாமல் விட்டால் மேலே சொன்னவை எல்லாம் சுகமான பேச்சாக முடிந்துவிடும்.

அன்னவாசல் ஒன்றியம், முட்டுக்காடு ஊராட்சி, இறையூரை அடுத்த வேங்கைவயலில், பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது 2022 டிசம்பர் 26-ஆம் தேதி வெளிப்பட்டது. குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற, தண்ணீரைச் சந்தேகித்துத் தொட்டியின் மேல் ஏறிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மறுநாள் ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் நேரில் வந்தார்கள். இரட்டைக் குவளை வைத்திருந்த தேநீர்க் கடை மீது வழக்குப் பதிவாயிற்று; அதுவரை உள்ளே விடப்படாத அய்யனார் கோவிலுக்குள் அம்மக்களை ஆட்சியரே அழைத்துக்கொண்டு போனார். அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது.

அந்தக் காட்சி பரவியதற்காக நான் சந்தோஷப்படுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காமிரா வந்திராவிட்டால் அந்தத் தண்ணீர்த் தொட்டி விவகாரம் ஊராட்சி எல்லையைத் தாண்டியிராது. கோவிலுக்குள் நுழைவது அவர்களுடைய சட்டபூர்வமான உரிமை. ஓர் அரசு அதிகாரி அந்த உரிமையைப் பகிரங்கமாக நிலைநாட்டுவது மற்ற ஊர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பகிரங்கமே இங்கே நீதியின் ஒரு பகுதி.

ஆனால் அதிகாரியின் ஜீப் புதுக்கோட்டைக்குத் திரும்பிவிடும். நிருபர்களின் கார் திருச்சிக்குப் போய்விடும். படத்தில் இருந்த பெண்கள் அதே ஊரில், அதே வயல்களில், அதே கடைத்தெருவில், படத்தால் அவமானப்பட்டதாக நினைத்துக்கொண்டவர்களின் நடுவில் மறுநாளும் வாழ வேண்டும். அதன் பிறகு வந்தவர்கள் எத்தனை பேர்! கட்சித் தலைவர்கள், ஆணையங்கள், உண்மை அறியும் குழுக்கள், யூடியூப் சேனல்கள். ஒவ்வொருவருக்கும் அதே தொட்டியின் கீழே நின்று, என்ன குடித்தோம், எப்படி உணர்ந்தோம் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். குமட்டும் ஓர் அனுபவத்தைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்லும்படி ஒரு தாயை நிர்ப்பந்திப்பது, கேட்பவரின் நோக்கம் எத்தனை உன்னதமாக இருந்தாலும், அவளுக்கு இன்னொரு தண்டனைதான். அந்த ஊருக்கும் பயிர் உண்டு, பண்டிகை உண்டு, படிக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் தமிழ்நாடு முழுவதும் அதன் பெயர் ஒரே ஓர் இழிசெயலின் பெயராக உறைந்துவிட்டது.

2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடி வசம் போயிற்று. உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைத்தது. மரபணுப் பரிசோதனைகள் நடந்தன. 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட குடியிருப்பையே சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. ஊர் மக்களும், பல கட்சிகளும், இயக்கங்களும் அதை ஏற்க மறுத்து மத்தியப் புலனாய்வு விசாரணை கேட்டார்கள். உண்மை இன்னதென்று தீர்மானிப்பது நீதிமன்றத்துக்குரியது. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த நாட்களில் தொலைபேசி உரையாடல்களும் படங்களும் சமூக ஊடகங்களிலும் தொலைக்காட்சிகளிலும் சுற்றிச் சுற்றி வந்தனவே, அதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சாட்சியம் என்பது நீதிபதியின் முன்னால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யும் இடத்தில், முழுமையாக வைக்கப்பட வேண்டியது. அதைத் துண்டு துண்டாக்கி வீட்டுக் கூடத்தில் ஒலிபரப்புவதனால் ஒரு தரப்புக்குப் பெயர் கிடைக்கலாம், விசாரணை முடியும் முன்பே சிலருக்கு ஊர்த்தீர்ப்பும் கிடைத்துவிடும். 2022 டிசம்பரில் நீதிக்குத் துணை நின்ற அதே பகிரங்கம், இங்கே நீதிக்கு இடையூறாக வந்து நிற்கிறது.

இதற்கெல்லாம் எங்கள் தொழிலில் விதிகள் இல்லாமலில்லை. சர்வதேச மக்கள் தொடர்புச் சங்கம் 1965-இல் ஏதென்ஸ் நகரில் ஒரு நெறிமுறை வகுத்தது. ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனத்தை அடிப்படையாக வைத்தே அது எழுதப்பட்டது. 1968 ஏப்ரல் 21-ஆம் தேதி தில்லியில் கூடிய முதல் அகில இந்திய மாநாட்டில் நம் நாட்டு மக்கள் தொடர்புச் சங்கமும் அதை ஏற்றுக்கொண்டது. அந்தத் தேதியே தேசிய மக்கள் தொடர்பு தினமாக ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. குழந்தைகள் விஷயத்தில் சட்டமே கண்டிப்பாக இருக்கிறது: பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையையோ, காப்பகத்தில் உள்ள குழந்தையையோ அடையாளம் காட்டுவது குற்றம். ஆனால் புயலில் வீடிழந்த பெரியவருக்கும், உதவித்தொகை வாங்கும் பதினாறு வயது மாணவிக்கும் அப்படி ஒரு வேலி கிடையாது. சம்மதம் வாங்கிவிட்டோம் என்பார்கள். கையில் பையை வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விக்கு, பசித்தவன் சொல்லும் சரி என்ற சொல்லைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முதலில் கொடுத்துவிட வேண்டும். சில நாள் கழித்து, கொடுத்தவர் அல்லாத ஒருவர் போய், படம் எங்கே வரும், யார் யார் பார்ப்பார்கள், எத்தனை காலம் இருக்கும் என்று விளக்கிக் கேட்க வேண்டும். மறுத்தால் எந்த நஷ்டமும் இல்லை என்பதை அவர் கண்ணால் கண்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்டுச் சம்மதித்தவர்கள் உண்டு. அவர்களுடைய படங்களில் இருக்கும் நிமிர்வு வேறு.

ஆண்டுதோறும் மாணவிகளுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளை ஒன்றுக்கு நான் செய்திக்குறிப்பு எழுதுகிறேன். ஆளுயர அட்டைக் காசோலையை மேடையில் பிடித்துக்கொண்டு மாணவிகள் வரிசையாக நிற்கும் படந்தான் அவர்களுக்கு வழக்கம். இந்த ஆண்டு தொகையை நேரே வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டு, உதவி பெற்றுப் படித்து இன்று வேலையில் இருக்கும் பழைய மாணவிகளில் விருப்பமுள்ளவர்களை மட்டும் மேடைக்கு அழைத்து, அவர்கள் கையால் புதிய மாணவிகளுக்குப் புத்தகம் வழங்கச் செய்யலாம் என்றும், புதியவர்களின் முகமோ பெயரோ செய்தியில் வேண்டாம் என்றும், அப்படியானால் செய்தி போட இடமில்லை என்று பத்திரிகைகள் சொன்னால் செய்தி வராமலே போகட்டும் என்றும் நிர்வாகிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நன்கொடையாளர்களில் இருவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நிர்வாகக் குழு அடுத்த வாரம் கூடுகிறது.